சும்மா இருக்கும்போதே பேட்டரியைத் தின்னும் புது லேப்டாப்: காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

புது லேப்டாப்பைத் திறந்து வைத்து எதுவும் செய்யாமல் இருக்கும்போதே பேட்டரி மளமளவென்று இறங்குகிறது. விசிறி ஓயாமல் ஓடுகிறது, அடிப்பாகம் தொட்டால் சுடுகிறது. பத்து மணி நேரம் தாங்கும் என்று சொல்லப்பட்டது நான்கு மணி நேரத்தில் முடிந்துபோகிறது. பேட்டரிதான் பழுது என்று முதலில் தோன்றும். ஆனால் புது லேப்டாப்பில் பேட்டரி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். தூங்க வேண்டிய ஏதோ ஒன்று உள்ளே தூங்காமல் இருக்கிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

கீழே உள்ள படிகள் விண்டோஸ் 11-ஐ வைத்து எழுதப்பட்டவை. லினக்ஸ் பயன்படுத்துவோருக்குப் பின்னால் தனிப் பகுதி இருக்கிறது. வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் அளவு, அடுத்து சந்தேகம், கடைசியில்தான் மாற்றம். ஒரே மூச்சில் ஐந்து செட்டிங்கை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு பிரச்சினை திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

எத்தனை வாட் என்றால் சரி?

ஐடில் என்று நாம் சொல்வது இதை: திரை எரிகிறது, டெஸ்க்டாப் மட்டும் தெரிகிறது, வைஃபை இணைந்திருக்கிறது, எந்த விண்டோவும் திறக்கவில்லை, கை எதன் மீதும் இல்லை. மூடி வைத்த பிறகு நடக்கும் இழப்பு வேறு வகை. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத 13, 14 அங்குல மெல்லிய லேப்டாப், திரை வெளிச்சம் பாதியளவில் இருக்கும்போது ஏறக்குறைய 3 முதல் 6 வாட் எடுக்கும். தனி ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) உள்ள 15, 16 அங்குல மாடல்கள், அந்த ஜிபியு முழுதாக அணைந்திருக்கும்போது, 7 முதல் 12 வாட்டுக்குள் நிற்கும். ஜிபியு விழித்துக்கொண்டால் அதே லேப்டாப் சும்மா இருந்தே 15, 20, சில சமயம் 25 வாட் வரை இழுக்கும்.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். 60 வாட்-மணி பேட்டரியை 5 வாட்டால் வகுத்தால் 12 மணி நேரம். 15 வாட்டால் வகுத்தால் 4 மணி நேரம். பேட்டரி அதேதான், கண்ணுக்குத் தெரியாத 10 வாட் மட்டும் கூடியிருக்கிறது.

ஒரு விதிவிலக்கை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பெயரின் முடிவில் எச்எக்ஸ் என்று வரும் உயர்திறன் புராசசர்களில் பல, டெஸ்க்டாப்புக்கான சில்லை லேப்டாப்புக்குக் கொண்டுவந்தவை. அவற்றின் ஐடில் செலவு இயல்பாகவே அதிகம். அதேபோல், பலகையோடு பற்றவைத்த எல்பிடிடிஆர் நினைவகத்தைவிடக் கழற்றி மாட்டக்கூடிய டிடிஆர்5 கொஞ்சம் கூடுதலாக எடுக்கும். அப்படிப்பட்ட மெஷினை 4 வாட்டுக்கு இறக்க முயன்று நாட்களை வீணாக்க வேண்டாம். 10 வாட் அருகில் வந்தாலே அது சரியாக இருக்கிறது என்று பொருள்.

முதல் இரண்டு நாள் தீர்ப்பு சொல்லாதீர்கள்

பெட்டியைப் பிரித்த அன்றே அளந்து பார்த்துப் பதறுபவர்கள் நிறைய. அன்று லேப்டாப் ஓய்வாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். விண்டோஸ் அப்டேட் இறங்கும், ஸ்டோர் ஆப்கள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும், தேடலுக்கான அட்டவணை கட்டப்படும், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் எல்லாக் கோப்புகளையும் ஒரு சுற்று பார்க்கும், ஒன்டிரைவ் பழைய கோப்புகளை இறக்கும். டிஸ்க் என்கிரிப்ஷன் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு.

இவற்றைச் சீக்கிரம் முடிக்க ஒரே வழி, சார்ஜரில் போட்டு, வைஃபை இணைத்து, தூக்கத்துக்குப் போகாதபடி செட்டிங்கை மாற்றி, ஓர் இரவு முழுக்க விட்டுவிடுவது. காலையில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, புதிதாக எதுவும் இல்லை என்று வரும்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன் பிறகு அளந்தால்தான் எண்ணுக்கு அர்த்தம் உண்டு. தூக்க நேரத்தைப் பழையபடி வைக்க மறக்காதீர்கள்.

படி 1: அளவு எடுப்பது

சுவர் பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் இருந்தால் அதையே நம்பலாம் என்று தோன்றும். ஆனால் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் அந்த மின்சாரமும் மீட்டரில் சேர்ந்து காட்டும். சார்ஜருக்குள் வெப்பமாகப் போவதும் சேரும். சார்ஜரில் இருக்கும்போது விண்டோஸ் நடந்துகொள்ளும் விதமும் வேறு. எனவே பேட்டரியில் ஓடவிட்டு, பேட்டரியே சொல்லும் எண்ணைப் படிப்பதே சரி. அதற்கு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும்.

1. சார்ஜரைக் கழற்றுங்கள். மவுஸ் ரிசீவர், பென் டிரைவ், ஹப், வெளித்திரை கேபிள் எதுவும் செருகியிருக்கக் கூடாது.

2. ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் செய்து திரும்ப ஆன் செய்வது இதற்கு ஈடாகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் லேப்டாப்பில் ஷட் டவுன் என்பது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை வட்டில் சேமித்து அப்படியே திரும்ப எடுப்பதுதான். சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கியபடியே திரும்பி வரும்.

3. திரை வெளிச்சத்தை 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். தானாக வெளிச்சம் மாறும் வசதியை அணையுங்கள். அளந்து முடிக்கும்வரை திரை அணையாதபடி வையுங்கள்.

4. பத்து நிமிடம் விட்டு எச்டபிள்யூஇன்ஃபோவை ‘சென்சார்ஸ் ஒன்லி’ முறையில் திறங்கள். செட்டிங்கில் வாசிப்பு இடைவெளியை 2 வினாடியிலிருந்து 5 வினாடிக்கு உயர்த்துங்கள். இல்லாவிட்டால் அளக்கும் கருவியே லேப்டாப்பைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கும்.

5. பேட்டரி பகுதியில் ‘சார்ஜ் ரேட்’ என்ற வரியைத் தேடுங்கள். மைனஸ் குறியோடு வருவதுதான் இப்போது வெளியேறும் வாட். கடிகாரப் படம் போட்ட பொத்தானை அழுத்திச் சராசரியைப் பூஜ்யமாக்கி, கையை எடுத்துவிட்டு மூன்று நிமிடம் காத்திருந்து சராசரி நிரலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையை எடுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விரல் டச்பேடில் நகரும்போது −9 என்று இருந்த எண், விரலை எடுத்த பிறகு −7.5, −6.1 என்று படிப்படியாக இறங்கி, அரை நிமிடம் கழித்து −5 அருகில் வந்து நிற்கும். பேட்டரியின் அளவீட்டுச் சில்லு சில வினாடிகளின் சராசரியைத் தருவதால் இந்தத் தாமதம். எண் இறங்காமல் 12-இலோ 15-இலோ நின்றால், அல்லது ஒவ்வொரு சில வினாடிக்கும் 5-க்கும் 14-க்கும் இடையே தாவினால், பிரச்சினை இருக்கிறது. நிலையாக உயர்ந்து நிற்பது பெரும்பாலும் ஹார்டுவேர் தூங்காததைக் காட்டும். தாவுவது ஏதோ ஒரு புரோகிராம் அடிக்கடி எழுந்து ஓடுவதைக் காட்டும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதித் தேடல் மிச்சம்.

தனி மென்பொருள் வேண்டாம் என்றால் விண்டோஸிலேயே வழி உண்டு. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, ‘பவர்சிஎஃப்ஜி’ (powercfg) கட்டளையை ‘பேட்டரிரிப்போர்ட்’ என்ற சொல்லோடு இயக்குங்கள். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், இரண்டாவது சொல்லுக்கு முன் ஓர் இடைவெளியும் சாய்கோடும் வரும். இனி சொல்லப்போகும் கட்டளைகளுக்கும் இதே முறைதான். பிரவுசரில் திறக்கக்கூடிய அறிக்கை ஒன்று சேமிக்கப்படும். எங்கே என்பதைக் கட்டளையின் பதிலே சொல்லும். அதில் பேட்டரி பயன்பாட்டுப் பகுதியில் எவ்வளவு நேரத்தில் எத்தனை மில்லிவாட்-மணி கரைந்தது என்று இருக்கும். அரை மணி நேரத்தில் 4,200 என்றால், 4.2 வாட்-மணியை அரையால் வகுக்க 8.4 வாட். அதே அறிக்கையின் மேல்பகுதியில் வடிவமைப்புக் கொள்ளளவும் முழு சார்ஜ் கொள்ளளவும் அடுத்தடுத்து இருக்கும். புது லேப்டாப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சில சதவீத வித்தியாசம் இயல்பு. இரண்டாவது எண் வெகுவாகக் குறைந்திருந்தால் மட்டும் பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

படி 2: ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள்

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அது தன் பங்குக்குப் புராசசரைத் தின்னாதபடி புதுப்பிக்கும் வேகத்தை ‘லோ’ ஆக்குங்கள். சிபியு நிரலைச் சொடுக்கினால் அதிகம் தின்பது மேலே வரும். அமைதியான லேப்டாப்பில் மொத்தம் 1 முதல் 3 சதவீதத்துக்குள் இருக்கும்.

புது லேப்டாப்பில் வழக்கமாக மாட்டிக்கொள்பவை சில. தயாரிப்பாளர் சோதனைக்காலத்துக்குப் போட்டுத் தரும் ஆன்டிவைரஸ் முதலிடம். அதை அகற்றினால் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்கும், பாதுகாப்பு இல்லாமல் போகாது. அடுத்து, விசைப்பலகை வண்ண விளக்குகளை இயக்கும் மென்பொருள். விளக்கும் மின்சாரம் எடுக்கும், மென்பொருளும் ஓயாமல் ஓடும். பிரவுசரை மூடிய பிறகும் பின்னணியில் ஓடவிடும் தெரிவு குரோம், எட்ஜ் இரண்டிலும் உண்டு. அதை அணைக்கலாம். நகரும் வால்பேப்பர் வைத்திருந்தால் கழற்றுங்கள். ‘விஎம்மெம்’ என்று தொடங்கும் வரி தெரிந்தால் விண்டோஸுக்குள் லினக்ஸோ வேறு மெய்நிகர் கணினியோ ஓடுகிறது. லினக்ஸ் என்றால் ‘டபிள்யூஎஸ்எல்’ கட்டளைக்கு ‘ஷட்டவுன்’ தெரிவைக் கொடுத்து நிறுத்தலாம். இந்தத் தெரிவுக்கு மட்டும் சாய்கோட்டுக்குப் பதில் இரண்டு சிறுகோடு.

‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ என்ற வரி ஒரு புரோகிராம் கிடையாது. ஹார்டுவேர் புராசசரைத் தட்டிக் கூப்பிடும் எண்ணிக்கையின் சுவடு அது. ஐடிலில் அது தொடர்ந்து 1 சதவீதத்துக்கு மேல் நின்றால் புரோகிராம்களைத் தேடுவதை விட்டுவிட்டு நேராக படி 5-க்கும் 6-க்கும் போங்கள்.

சதவீதம் குறைவாக இருக்கிறதே என்று ஒரு புரோகிராமை மன்னித்துவிடாதீர்கள். வினாடிக்கு ஒருமுறை எழுந்து கொஞ்சம் வேலை செய்வதும், வினாடிக்கு நூறுமுறை எழுந்து அதே வேலையைத் துணுக்கு துணுக்காகச் செய்வதும் டாஸ்க் மேனேஜரில் ஒரே சதவீதமாகத் தெரியும். இரண்டாவதில் புராசசருக்கு ஆழ்ந்து தூங்க நேரமே கிடைக்காது. இதைப் பிடிக்க ‘பவர்சிஎஃப்ஜி’யை ‘எனர்ஜி’ என்ற சொல்லோடு இயக்குங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டு 60 வினாடி தொடாமல் இருந்தால், எந்த யூஎஸ்பி சாதனம் தூங்க மறுத்தது, எந்த புரோகிராம் 1 மில்லிவினாடி டைமரைக் கேட்டது என்றெல்லாம் அறிக்கை வரும். விண்டோஸின் வழக்கமான டைமர் இடைவெளி 15.6 மில்லிவினாடி, அது குறையக் குறையப் புராசசர் அடிக்கடி எழ வேண்டியிருக்கும். அறிக்கையில் சிவப்பாக வரும் எல்லாமே குற்றம் என்று நினைக்க வேண்டாம். யூஎஸ்பி, டைமர், புராசசர் பயன்பாடு ஆகிய மூன்று தலைப்புகளை மட்டும் பாருங்கள்.

எந்த புரோகிராம் என்று பிடிபடவில்லையா? விண்டோஸோடு வரும் எம்எஸ்கான்ஃபிக் கருவியைத் திறந்து, சர்வீசஸ் பகுதியில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் பெட்டியை முதலில் டிக் செய்து, மிச்சமுள்ளவற்றை அணையுங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்து அளந்து பாருங்கள். வாட் இறங்கினால் குற்றவாளி அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. பாதியைத் திரும்ப இயக்கி அளங்கள், பிறகு அதில் பாதி. முப்பது சர்வீஸ் இருந்தாலும் ஐந்து ரீஸ்டார்ட்டுக்குள் மாட்டிவிடும். கண்டுபிடித்ததும் மற்றவற்றைப் பழையபடி இயக்கிவிடுங்கள்.

படி 3: தனி ஜிபியு உண்மையிலேயே அணைந்திருக்கிறதா?

தனி ஜிபியு உள்ள லேப்டாப் வாங்கியவர்கள் மற்ற படிகளுக்கு முன் இதைப் பார்த்தாலும் தப்பில்லை. பெரிய வாட் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

இத்தகைய லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப் உண்டு. புராசசருக்குள் இருக்கும் சின்னது திரையைக் கவனித்துக்கொள்ளும். பெரியது விளையாட்டு, வீடியோ எடிட்டிங் வரும்போது மட்டும் எழ வேண்டும், மற்ற நேரம் மின்சாரமே இல்லாமல் அணைந்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தால், வேலை பூஜ்யமாக இருந்தாலும் அது விழித்துக் கிடக்கும். 5 முதல் 15 வாட் வரை அதிலேயே போய்விடும்.

என்விடியா ஜிபியு என்றால், என்விடியா கண்ட்ரோல் பேனலின் ‘டெஸ்க்டாப்’ மெனுவில் ஜிபியு செயல்பாட்டைக் காட்டும் ஐகானுக்கான தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் கடிகாரம் பக்கத்தில் ஓர் ஐகான் வரும். அதில் வண்ணம் தெரிந்தால் ஜிபியு விழித்திருக்கிறது. சொடுக்கினால் யார் எழுப்பியது என்ற பட்டியல் வரும். எந்தக் கம்பெனி ஜிபியு ஆனாலும், டாஸ்க் மேனேஜரில் ‘ஜிபியு எஞ்சின்’ நிரலைக் கூட்டினால் எந்த புரோகிராம் ஜிபியு 0-இல் ஓடுகிறது, எது ஜிபியு 1-இல் ஓடுகிறது என்று தெரியும். எந்த எண் எந்தச் சிப் என்பதை ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதி சொல்லும்.

பட்டியலில் வரும் புரோகிராமுக்கு செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் ‘பவர் சேவிங்’ கொடுங்கள். அந்த புரோகிராமை மூடித் திறந்தால் சின்ன ஜிபியுவுக்கு மாறிவிடும்.

பட்டியல் காலியாக இருந்தும் ஜிபியு அணையவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, வெளித்திரை. பல கேமிங் லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை நேராகத் தனி ஜிபியுவோடு இணைக்கப்பட்டிருக்கும். மானிட்டர் செருகியிருக்கும்வரை அந்த ஜிபியு அணையவே முடியாது, எந்த செட்டிங்காலும் முடியாது. சில மாடல்களில் டைப்-சி துளைகளில் ஒன்று சின்ன ஜிபியுவோடு இணைந்திருக்கும், மானிட்டரை அங்கே மாற்றினால் போதும். எந்தத் துளை எதோடு என்பதை என்விடியா கண்ட்ரோல் பேனலின் ‘ஃபிஸ்எக்ஸ்’ (PhysX) பக்கம் படமாகவே காட்டும்.

இரண்டாவது, திரையை எந்த ஜிபியு ஓட்டுவது என்று மாற்றும் மக்ஸ் ஸ்விட்ச். தயாரிப்பாளரின் மென்பொருளிலோ பயாஸிலோ (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) ‘டிஸ்க்ரீட் மட்டும்’ என்ற முறை தேர்ந்திருந்தால் லேப்டாப்பின் சொந்தத் திரையே பெரிய ஜிபியுவில் ஓடும். ‘ஹைப்ரிட்’ அல்லது ‘ஆப்டிமஸ்’ என்பதற்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மூன்றாவது, அளக்கும் கருவியே. வெப்பநிலை காட்டும் மென்பொருள்கள் ஜிபியுவிடம் சில வினாடிக்கு ஒருமுறை ‘எவ்வளவு சூடு?’ என்று கேட்கும். பதில் சொல்ல அது எழும். எழுந்தது தூங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். எச்டபிள்யூஇன்ஃபோவில் ஜிபியு சென்சாரை வலது சொடுக்கில் அணைத்துவிட்டு மறுபடி அளங்கள். 18 வாட் காட்டிக்கொண்டிருந்தது 9-க்கு விழுந்தால், நீங்கள் தேடிய பிரச்சினையை உண்டாக்கியது தேடிய கருவிதான்.

படி 4: திரை

இது சுலபமான படி. வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட வாட் ஏறும். முழு வெளிச்சத்துக்கும் பாதிக்கும் இடையே சில வாட் வித்தியாசம் வரும். 120, 165 ஹெர்ட்ஸ் திரையை டிஸ்ப்ளேயின் அட்வான்ஸ்டு பகுதியில் 60-க்கு மாற்றி அளந்து பாருங்கள். நல்ல வித்தியாசம் தெரிந்தால் ‘டைனமிக்’ தெரிவு உள்ள திரையில் அதை வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடும்போது 60 போதும். எச்டிஆர் அணைந்திருக்கட்டும். கறுப்புப் பின்னணி ஓஎல்இடி திரையில் உண்மையாகவே மின்சாரம் மிச்சப்படுத்தும். எல்சிடியில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டிருப்பதால் அதற்காகக் கறுப்புக்கு மாறத் தேவையில்லை.

படி 5: புராசசர் எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது?

டாஸ்க் மேனேஜரில் 1 சதவீதம், தனி ஜிபியு இல்லை அல்லது அணைந்திருக்கிறது, திரை வெளிச்சமும் குறைவு. ஆனாலும் 10 வாட். இந்த இடத்தில்தான் பலரும் கைவிடுகிறார்கள். காரணம் இருப்பதோ இங்கேதான்.

புராசசரின் கோர்கள் தூங்குவது ஒன்று, சிப் முழுதும் தூங்குவது இன்னொன்று. கோர்கள் வேலை இல்லாதபோது உடனே தூங்கிவிடும். ஆனால் சிப்பின் மற்ற பகுதிகள், அதாவது நினைவகக் கட்டுப்பாடு, உள்ளிணைப்புகள், கடிகாரங்கள், இணைந்துள்ள சாதனங்கள் எல்லாமே ‘எனக்கு இப்போது நீ வேண்டாம்’ என்று சொன்ன பிறகுதான் அணைய முடியும். வீட்டில் கடைசி ஆள் படுக்கும்வரை கூடத்து விளக்கை அணைக்க முடியாது அல்லவா, அப்படி. எட்டுச் சாதனம் தூங்கி ஒன்று விழித்திருந்தாலும் சிப் மேலோட்டமான உறக்கத்திலேயே நின்றுவிடும். அந்தச் சாதனம் தன்னளவில் அரை வாட்கூட எடுக்காது, ஆனால் அதனால் வீணாவது பல வாட்.

இன்டெல் புராசசரில் இதை நேரடியாகப் பார்க்கலாம். எச்டபிள்யூஇன்ஃபோவில் ‘பேக்கேஜ்’ என்று தொடங்கி சி2, சி3, சி6, சி8, சி10 என்று ரெசிடென்சி வரிகள் வரும், அந்தந்த உறக்கத்தில் எத்தனை சதவீத நேரம் கழிந்தது என்பதே அது. எண் பெரிதாகப் பெரிதாக உறக்கம் ஆழம். எந்தெந்த எண் இருக்கும் என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பட்டியலில் கடைசியாக உள்ள ஒன்றிரண்டு வரிகளைப் பாருங்கள். கையை எடுத்து ஒரு நிமிடம் ஆன பிறகு நேரத்தின் பெரும்பகுதி அங்கே கழிந்தால் எல்லாம் சரி. அவை 0-இலேயே நின்று சி2, சி3 மட்டும் உயர்ந்திருந்தால், யாரோ ஒருவர் படுக்கவில்லை.

யாரைச் சந்தேகிப்பது? அடிக்கடி மாட்டுபவை இவை.

எஸ்எஸ்டி. குறிப்பாக, லேப்டாப்போடு வந்ததை எடுத்துவிட்டு வேறொன்று மாட்டியிருந்தால். நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டி ஆழ்ந்த உறக்கத்தில் சில மில்லிவாட் மட்டுமே எடுக்கும். அந்த நிலைக்குப் போகாத மாடல் தானும் விழித்திருக்கும், சிப்பையும் விழிக்க வைக்கும். எஸ்எஸ்டிக்கு ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எஸ்எஸ்டி கைவசம் இருந்தால் அதை மாட்டி அளப்பதைவிடத் தெளிவான சோதனை கிடையாது.

கார்டு ரீடர், ஈதர்நெட் துளை. பயன்படுத்தாமலே இருந்தாலும் இவை பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பை உறங்கவிடாமல் பிடித்து வைக்கக்கூடும். பயாஸுக்குள் ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் அளங்கள். கார்டு ரீடருக்குள் மெமரி கார்டு செருகியபடியே விட்டிருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

ஒலி. இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பிரவுசரில் நிறுத்தி வைத்த வீடியோவோ அரட்டை ஆப்போ ஒலிப்பாதையைத் திறந்தே வைத்திருக்கலாம், சத்தம் வராவிட்டாலும். ‘பவர்சிஎஃப்ஜி’யை ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்ற சொல்லோடு இயக்கினால், ஆடியோ ஸ்ட்ரீம் ஒன்று பயன்பாட்டில் இருக்கிறது என்று டிரைவர் பெயரோடு சொல்லும். பட்டியலில் எல்லாமே ‘நன்’ (எதுவும் இல்லை) என்று வர வேண்டும்.

யூஎஸ்பியில் செருகும் சின்ன விஷயங்கள். எல்லாவற்றையும் பிடுங்கி அளந்த எண் ஏற்கெனவே கையில் இருக்கிறது. இப்போது ஒவ்வொன்றாகச் செருகி அளங்கள். வினாடிக்கு 1000 முறை நிலையைச் சொல்லும் கேமிங் மவுஸ், மானிட்டர் இல்லாமலேயே செருகிக் கிடக்கும் டைப்-சி அடாப்டர், டாக் ஆகியவை ஆச்சரியப்படும் அளவுக்கு இழுக்கும்.

கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்டு பகுதியில், பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு ‘லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு வரி உண்டு. சில லேப்டாப்களில் மறைக்கப்பட்டிருக்கும். தெரிந்தால், பேட்டரிக்கு அது ‘மாக்ஸிமம் பவர் சேவிங்ஸ்’ ஆக இருக்கட்டும். ‘ஆஃப்’ என்று இருந்தால் அதுவே உங்கள் விடையாக இருக்கலாம்.

படி 6: டிரைவரும் பயாஸும்

லேப்டாப்பை வாங்கியதும் விண்டோஸைப் புதிதாகப் போட்டீர்கள் என்றால் இதுதான் முதல் சந்தேகம். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு ‘அன்னோன் டிவைஸ்’ எதுவும் இருக்கக் கூடாது. டிரைவர் இல்லாத சாதனத்துக்கு ‘தூங்கு’ என்று சொல்ல ஆளே இல்லை. சிப்செட், மேனேஜ்மென்ட் எஞ்சின், சீரியல் ஐஓ, கிராபிக்ஸ் டிரைவர்களைத் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலின் பக்கத்திலிருந்தே எடுங்கள். பொதுவான டிரைவர் தேடித்தரும் மென்பொருள்களைத் தொடாதீர்கள்.

புது மாடல்களின் ஆரம்ப பயாஸில் மின்சாரம் தொடர்பான பிழைகள் இருப்பது சகஜம், அப்டேட்களில் சரியாகும். பயாஸ் அப்டேட்டுக்கு முன் மூன்று விஷயம்: சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரியிலும் போதுமான சார்ஜ் வேண்டும், பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) மீட்புச் சாவி கையில் இருக்க வேண்டும். மூன்றாவதை அலட்சியம் செய்தவர்கள், அப்டேட் முடிந்து 48 இலக்கச் சாவி கேட்கும் நீலத் திரையின் முன் செய்வதறியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று வேறொரு கருவியில் திறந்து பார்த்து எழுதி வையுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. பயாஸில் கார்டு ரீடர் போன்றவற்றை அணைக்கும் முன்பும் இதே முன்னெச்சரிக்கை வேண்டும்.

லினக்ஸில்

மின்சாரச் செலவைக் காட்டும் பவர்டாப் என்ற கருவியை ரூட்டாக இயக்குங்கள். பேட்டரியில் இருந்தால் முதல் பக்கத்திலேயே வெளியேறும் வாட் தெரியும், வினாடிக்கு எத்தனை முறை யார் எழுப்புகிறார்கள் என்பதும் வரிசையாக வரும். ‘ஐடில் ஸ்டாட்ஸ்’ பக்கத்தின் இடது நிரல் மேலே சொன்ன பேக்கேஜ் உறக்கத்தைக் காட்டும். ‘டியூனபிள்ஸ்’ பக்கத்தில் ‘பேட்’ என்று உள்ளவற்றை ஒவ்வொன்றாக மாற்றி விளைவைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றும் ‘ஆட்டோ டியூன்’ யூஎஸ்பி மவுஸையும் விசைப்பலகையையும் தூங்க வைத்துவிடும். முதல் அசைவு தொலைந்துபோகும், மவுஸ் இழுக்கிற மாதிரி இருக்கும். அந்த வரிகளை மட்டும் திரும்ப ‘பேட்’ ஆக்குங்கள்.

மின்சார செட்டிங்கை நிர்வகிக்கும் டிஎல்பி, பவர்-புரொஃபைல்ஸ்-டீமன் என்ற இரண்டு மென்பொருளும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒன்று எழுதியதை மற்றது அழிக்கும். ஒன்றை வைத்து மற்றதை அகற்றுங்கள்.

என்விடியா ஜிபியுவைப் பொறுத்தவரை, டிரைவரையே ஏற்றாமல் தடுத்துவிட்டால் ஜிபியு அணைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும். அணைக்கச் சொல்ல டிரைவர் இல்லாததால் அது முழு மின்சாரத்தில் கிடக்கும். 2018-இல் வந்த டியூரிங் தலைமுறையிலிருந்து, டிரைவரே ஜிபியுவை முழுதாக அணைத்து எழுப்பும் வசதி உண்டு. சிஸ் கோப்பகத்தில் அந்தப் பிசிஐ சாதனத்தின் ‘ரன்டைம் ஸ்டேட்டஸ்’ கோப்பைப் படித்தால் ‘சஸ்பெண்டட்’ என்று வர வேண்டும். என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையால் சோதிக்காதீர்கள், அது கேட்பதற்காகவே ஜிபியுவை எழுப்பும்.

மூடி வைத்தாலும் இறங்கினால்

இரவு மூடி வைத்து காலையில் பத்து சதவீதத்துக்கு மேல் காணவில்லை என்றால் ‘பவர்சிஎஃப்ஜி’யை ‘ஸ்லீப்ஸ்டடி’யோடு இயக்குங்கள். ஒவ்வொரு தூக்கத்திலும் எவ்வளவு கரைந்தது, யார் விழித்திருந்தார்கள் என்று பெயர் சொல்லும். பெரும்பாலும் நெட்வொர்க் அடாப்டர் அல்லது செருகிய யூஎஸ்பி சாதனம். உடனடித் தீர்வு வேண்டுமானால், மூடியை மூடும்போது ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றிவிடுங்கள். திறக்கக் கொஞ்சம் நேரமாகும், இரவில் இழப்பு ஏறக்குறைய இருக்காது.

நேரத்தை வீணாக்குபவை

அண்டர்வோல்ட் செய்வது வேலைப்பளுவில் உதவும், ஐடிலில் அணைந்து கிடக்கும் கோருக்கு வோல்டேஜைக் குறைத்து என்ன பயன்? புராசசர் தேவைப்படும்போது வேகம் கூட்டும் டர்போவை அணைப்பதும் அப்படித்தான். சில சமயம் அது எதிர்வேலைகூடச் செய்யும். வேகமாக முடித்துவிட்டுத் தூங்கியிருக்க வேண்டிய கோர் மெதுவாக இழுத்துக்கொண்டு விழித்திருக்கும். ரெஜிஸ்ட்ரி கிளீனர், ‘பேட்டரி பூஸ்டர்’ என்ற பெயரில் வரும் எதுவும் வேண்டாம், பின்னணியில் ஓடும் இன்னொரு புரோகிராம்தான் அது. பவர் மோடை ‘பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி’க்கு மாற்றுவது தவறில்லை. ஆனால் விழித்திருக்கும் ஜிபியுவையோ எஸ்எஸ்டியையோ அது தூங்க வைக்காது.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன்

மாற்றிக் கொடுக்கும் காலக்கெடு எப்போது முடிகிறது என்று பார்த்து, அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே எல்லாப் படிகளையும் முடித்துவிடுங்கள். எதுவும் பலிக்காவிட்டால், தயாரிப்பாளரின் ரெகவரி வழியாக லேப்டாப்பை வாங்கிய நாளின் நிலைக்குக் கொண்டுவந்து, அப்டேட் எல்லாம் முடித்து, எதுவும் இன்ஸ்டால் செய்யாமல் ஒருமுறை அளங்கள். அப்போதும் எண் உயர்ந்தே நின்றால் அது உங்கள் செட்டிங்கின் தவறில்லை. சர்வீஸ் சென்டருக்கு எழுதும்போது ‘பேட்டரி சீக்கிரம் தீர்கிறது’ என்று மட்டும் எழுதினால் பேட்டரி சோதனை ஓட்டி ‘நன்றாக இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாடல் எண், பயாஸ் பதிப்பு, திரை வெளிச்சம், மூன்று நிமிடச் சராசரி வாட், பேக்கேஜ் உறக்க வரிகளின் ஸ்கிரீன்ஷாட், பேட்டரி அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். ரெகவரிக்குப் பிறகு எடுத்த அளவு இது என்பதையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.